கேட்பது இடப்பக்கம், கொடுப்பது வலப்பக்கம்

மென்பொருள் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர்களை ஊருக்கே தெரியும். அவர்கள் எழுதியதையெல்லாம் ஒன்றாகக் கட்டி, வாடிக்கையாளரின் மெஷினில் போய் ஓடும்படி செய்கிறவர்களைப் பக்கத்து இருக்கைக்காரருக்கே சரியாகத் தெரியாது. பில்ட் ஒழுங்காக நடக்கும்வரை எங்கள் நினைப்பே யாருக்கும் வராது. "பில்ட் உடைஞ்சிருச்சு" என்று மெயில் வந்த பிறகுதான் மாடி ஏறித் தேடிக்கொண்டு வருவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் இந்த வேலைக்கு வந்தவன் நான். இன்றுவரை வேறு வேலைக்கு மாறவில்லை. இத்தனை வருடங்களில் என் மேசைக்கு வந்த உடைசல்களில் பெரும்பகுதி, எந்த லைப்ரரி முதலில், எது பிறகு என்ற சண்டைதான்.

அப்போது எங்களிடம் இருந்தது சன் நிறுவனத்தின் சோலாரிஸ் மெஷின். மென்பொருள் முழுக்க சி மொழி. அதில் நாள் முடிவில் அறிக்கை அச்சடிக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கிய புரோகிராம் அறிக்கை லைப்ரரியைக் கூப்பிடும். அறிக்கை லைப்ரரி தேதி லைப்ரரியைக் கூப்பிடும். மூன்றையும் சேர்த்து ஒரே ஃபைலாக்குவது லிங்கரின் பொறுப்பு. நாம் கொடுக்கும் கட்டளையை அது இடமிருந்து வலமாகப் படிக்கும். கேட்கப்பட்டு இன்னும் கிடைக்காத பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளும். ஒரு லைப்ரரியைத் திறந்ததும், பட்டியலில் உள்ள பெயர் ஏதாவது அதற்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் எதையும் தொடாமல் அடுத்ததற்குப் போய்விடும்.

தேதியை அறிக்கைக்கு முன்னால் எழுதிவிட்டோம் என்று வையுங்கள். லிங்கர் தேதி லைப்ரரியைத் திறக்கும்போது அதை யாரும் கேட்டிருக்கவில்லை. தாண்டிவிடும். அதற்குப் பிறகு அறிக்கை வந்து தேதியைக் கேட்கும். தாண்டிப் போன ஸ்டாப்புக்கு டவுன் பஸ் திரும்பி வராது. 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று திரையில் வந்து நிற்கும். அந்தப் பெயரை வைத்திருக்கும் லைப்ரரியோ அதே கட்டளை வரியில் கண்ணெதிரே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் லைப்ரரிதான் பழுது என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்துகொண்டிருப்பார்கள்.

"கேக்கறது இடப்பக்கம், கொடுக்கறது வலப்பக்கம்" என்று எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுப்பார். நல்ல விதி. ஆனால் அவரிடமே இன்னொரு பழக்கமும் இருந்தது. பிழை வந்தால், "எதுக்கும் கடைசில இன்னொரு தடவை போட்டு வைப்பா" என்பார். அப்படிப் போட்டுப் போட்டு, ஒரே லைப்ரரி மூன்று இடங்களில் வரும் ஒரு கட்டளை வரி எங்களிடம் சேர்ந்துவிட்டது. திரையின் அகலத்துக்கு அடங்காது. ஏன் மூன்று தடவை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்தால் உடையும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து, எந்த லைப்ரரி எதைக் கூப்பிடுகிறது என்று இரண்டிரண்டாக எழுதி, டிசார்ட் என்ற யூனிக்ஸ் கட்டளைக்குக் கொடுத்தேன். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது உண்டு. அந்தக் காலத்து லிங்கர் ஒரு ஆர்க்கைவை, அதாவது லைப்ரரி ஃபைலை, முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஒருமுறைதான் படிக்கும். ஆகவே அதற்குள் இருக்கும் துண்டுகளையே வரிசைப்படுத்தி அடுக்க வேண்டியிருந்தது. யார் யாரைக் கேட்கிறார் என்று லார்டர் என்ற ஸ்கிரிப்ட் சொல்லும், டிசார்ட் அடுக்கித் தரும். ஆர்க்கைவுக்குள் பெயர்ப் பட்டியல் வைக்கும் வழக்கம் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. கட்டளை மட்டும் இன்றைய லினக்ஸிலும் இருக்கிறது. அடுக்கும் முறை எளிது. வேறு யாருக்காகவும் காத்திருக்காத ஒன்றை எடுத்து வெளியே வை. அதற்காகக் காத்திருந்தவர்களின் கணக்கிலிருந்து அதை அடித்துவிடு. மறுபடி காத்திராத ஒன்றைத் தேடு. ஆர்தர் கான் 1962-இல் இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார். இன்றைக்கு இருக்கிற நிறுவல் கருவிகளின் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஒரு வடிவத்தில் இதுதான் ஓடுகிறது.

டிசார்ட் எனக்கு வரிசை தரவில்லை. வளையம் இருக்கிறது என்று சொல்லி, மாட்டிக்கொண்டவர்களின் பெயர்களைத் துப்பியது. லாக் எழுதும் லைப்ரரி, எவ்வளவு விவரமாக எழுத வேண்டும் என்று கான்ஃபிக் லைப்ரரியைக் கேட்கிறது. கான்ஃபிக் லைப்ரரி, ஃபைலைப் படிப்பதில் பிழை வந்தால் லாக் லைப்ரரியைக் கூப்பிடுகிறது. ஒன்றில்லாமல் இன்னொன்று இல்லை. இதை எப்படி அடுக்கினாலும் ஒருவர் இரண்டாவது தடவை வந்தே ஆக வேண்டும். மூன்று தடவை போட்ட மர்மம் அதுதான். குனு லிங்கரில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. சில லைப்ரரிகளை ஒரு குழுவாகச் சேர்த்துக் கொடுத்தால், புதிதாகக் கிடைக்க எதுவும் இல்லை என்று ஆகும்வரை அது சுற்றிச் சுற்றித் தேடும். நாங்கள் அந்த வழிக்குப் போகவில்லை. விவர அளவை முக்கிய புரோகிராமே படித்து லாக் லைப்ரரியிடம் கொடுத்துவிடட்டும் என்று மாற்றினோம். லாக் யாரையும் கேட்க வேண்டாம் என்று ஆனது. வளையம் அறுந்தது, கட்டளை வரி திரைக்குள் அடங்கியது. வரிசை தகராறு செய்தால் வரிசையைத் தொடாதே, தேவையைத் தேடு என்ற எண்ணம் எனக்கு அப்போது விழுந்தது.

லிங்கருக்கு முந்தைய கட்டம் மேக். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி. எந்த ஃபைல் எதிலிருந்து பிறக்கிறது என்று நாம் எழுதிக் கொடுத்தால் வேண்டிய வரிசையை அது கண்டுபிடித்துக்கொள்ளும். எழுதிக் கொடுக்காவிட்டால்? அங்கேதான் வில்லங்கம். பழைய மெஷினில் ஒரே புராசஸர். மேக் ஒவ்வொன்றாக, நாம் எழுதிய வரிசையிலேயே போகும். மேலே எழுதியது முதலில் முடியும், கீழே எழுதியது பிறகு நடக்கும். சொல்லாத தேவைகள் தற்செயலாக நிறைவேறிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

பல புராசஸர் உள்ள மெஷின் வந்தது. பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டு என்று மேக்கிடம் சொல்லும் குறிப்புதான் மைனஸ் ஜே. "மைனஸ் ஜே போட்டா பில்ட் பாதி நேரத்துல முடியும்" என்று எல்லோருக்கும் சந்தோஷம். முடியவும் செய்தது, சில இரவுகள் தவிர. அந்தச் சில இரவுகளில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் உடையும். காலையில் வந்து மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். "இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க சார், வந்துடும்" என்பது எங்கள் தளத்தில் வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. கடைசியில் பிடிபட்டது ஒரு ஹெடர் ஃபைல். செய்தி வடிவங்களை எழுதிவைத்த ஒரு ஃபைலைப் படித்து, ஒரு ஸ்கிரிப்ட் அந்த ஹெடரை உருவாக்கும். நெட்வொர்க் டைரக்டரியில் இருந்த சி ஃபைல்கள் அதை உள்ளே இழுத்தன. ஆனால் அந்த ஹெடர் தங்களுக்குத் தேவை என்று மேக்ஃபைலில் ஒரு வரி இல்லை. ஒற்றைப் புராசஸரில் ஸ்கிரிப்ட் எப்போதும் முந்தியது. எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, சில நேரம் கம்பைலர் முந்திக்கொண்டு பாதி எழுதிய ஹெடரைப் படித்தது.

இதில் எங்கள் டைரக்டரி அமைப்புக்கும் பங்கு உண்டு. மேல் மேக்ஃபைல் ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் போய்த் தனித்தனியாக இன்னொரு மேக்கைக் கிளப்பும். உள்ளே ஓடும் மேக்குக்குத் தன் டைரக்டரியைத் தாண்டி ஒன்றும் தெரியாது. இந்த முறை ஏன் கெடுதல் என்று பீட்டர் மில்லர் 1998-இல் எழுதிய கட்டுரையை நாங்கள் அச்செடுத்துச் சுற்றுக்கு விட்டோம். முழு மரத்தையும் ஒரே மேக் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். எங்கள் மேக்ஃபைல்களை ஒன்றாக்க நிர்வாகத்திடம் நேரம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஓடிக்கிட்டுதானே இருக்கு, எதுக்குக் கை வைக்கணும்?" என்ற கேள்வியை எங்கள் தொழிலில் கேட்காதவர் கிடையாது.

இரண்டாயிரத்தை ஒட்டி எங்கள் அலுவலகத்துக்கு லினக்ஸ் வந்தது. வேலை லைப்ரரியிலிருந்து பேக்கேஜுக்கு நகர்ந்தது. அந்த நாட்களில் ரெட்ஹாட்டில் ஒரு ஆர்பிஎம்மைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இது வேண்டும் என்று ஒரு பெயரைச் சொல்லி நின்றுவிடும். மோடத்தில் அதைத் தேடி இறக்கினால், அது வேறு இரண்டைக் கேட்கும். தேவையைச் சொல்லும் அறிவு ஆர்பிஎம்முக்கு இருந்தது, போய்க் கொண்டுவரும் கால் இல்லை. டெபியன் 1999-இல் தன் 2.1 பதிப்போடு ஆப்டைக் கொடுத்தது. பின்னால் ரெட்ஹாட் பக்கம் யம் வந்தது. வேண்டியதையெல்லாம் தானே இறக்கி, தானே வரிசைப்படுத்திப் போடும் காலம் தொடங்கியது. பலரும் இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தார்கள்.

நிறுவல் வரிசை எவ்வளவு நுணுக்கமானது என்று எனக்குக் காட்டியது ஒரு வாடிக்கையாளரின் சர்வர் அறை. எங்கள் பேக்கேஜ் நிறுவப்படும்போது, சேவை ஓடுவதற்கென்று முதலில் ஒரு யூசரை உருவாக்கும். ஃபைல்கள் அந்த யூசரின் பெயரில் இறங்கும். எங்கள் சோதனை மெஷின்களில் நூறு தடவை போட்டாலும் தப்பாது. வாடிக்கையாளர் இடத்தில் மட்டும் சேவை எழும்பவில்லை. லாக் எழுத அனுமதி இல்லை என்றது. பார்த்தால் ஃபைல்கள் அத்தனையும் ரூட் பெயரில் இருந்தன. அவர்கள் ஆட்கள், "உங்க பேக்கேஜே தப்பு சார்" என்றார்கள். எங்கள் ஆட்கள், "உங்க மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார்கள்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. நாங்கள் ஏற்கெனவே லினக்ஸ் இருக்கும் மெஷினில் பேக்கேஜைப் போட்டோம். அவர்கள் கிக்ஸ்டார்ட் என்ற தானியங்கி நிறுவல் முறையை வைத்து, வெறும் டிஸ்க்கில் லினக்ஸையும் எங்கள் பேக்கேஜையும் ஒரே மூச்சில் போட்டார்கள். அப்போதெல்லாம் ரூட்டின் ஹோம் டைரக்டரியில் நிறுவல் லாக் ஒன்று இருக்கும், எது எதற்குப் பிறகு ஏறியது என்று வரிக்கு ஒன்றாக. அதைத் திறந்து விரலை வைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் பேக்கேஜ் ஓர் இடத்தில். யூசரை உருவாக்கும் கட்டளையைத் தரும் ஷேடோ-யுடில்ஸ் அதற்குச் சில வரிகள் கீழே. நடுவில், அந்த யூசர் இல்லை, ரூட்டை வைத்துக்கொள்கிறேன் என்று ஆர்பிஎம்மின் எச்சரிக்கைகள். எங்கள் ஸ்கிரிப்ட் ஓடியபோது அந்தக் கட்டளையே டிஸ்க்கில் இல்லை. நிறுவல் நின்றுவிடக்கூடாது என்று யாரோ ஸ்கிரிப்டின் தோல்வியை விழுங்கும்படி எழுதியிருந்ததால் சத்தமும் வரவில்லை.

ஆர்பிஎம்மைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஷேடோ-யுடில்ஸ் வேண்டும் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை. அது எல்லா மெஷினிலும் இருக்கும் என்பது எங்கள் நினைப்பு. இருக்கும்தான், ஆனால் எப்போதிலிருந்து? ஓடும்போது தேவை என்பது வேறு, நிறுவும் ஸ்கிரிப்டுக்கு முன்பே தேவை என்பது வேறு. ஆர்பிஎம்மில் இரண்டுக்கும் தனித்தனி வரி உண்டு. டெபியனில் இதையே டிபென்ட்ஸ், ப்ரீ-டிபென்ட்ஸ் என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு வரி சேர்த்தோம், தீர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் பேக்கேஜ் எதுவும் வெறும் டிஸ்க்கில் ஏறிக் காட்டாமல் வெளியே போவதில்லை.

வளையங்கள் பேக்கேஜ் உலகத்திலும் உண்டு. டெபியனில் சி லைப்ரரி பேக்கேஜுக்கு ஜிசிசியின் துணை லைப்ரரி வேண்டும். அதற்கோ சி லைப்ரரி வேண்டும். முழு அமைப்புமே இந்த இரண்டின் மேல் நிற்கிறது. டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி இதைச் சமாளிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். முதலில் ஃபைல்களை விரித்துவிடும், கட்டமைப்பதைத் தனிக் கட்டமாகப் பிறகு செய்யும். வளையத்தில் மாட்டியவர்களில், நிறுவிய பின் ஓட்ட வேண்டிய ஸ்கிரிப்ட் இல்லாதவர் யாரோ அவரிடத்தில் வளையத்தை அறுக்கும். ஸ்கிரிப்ட் இல்லாதவருக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை, எனவே காத்திருக்கவும் தேவையில்லை.

பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகள் பரவிய பிறகு லிங்கர் வரிசையை ஒரு தலைமுறையே மறந்துவிட்டது. கணித லைப்ரரியை வரியின் தொடக்கத்தில் எழுதினாலும் ஓடியது. 2011-இல் உபுண்டு 11.10 வந்தது. பயன்படாத லைப்ரரிகளை ஒட்டாதே என்ற குறிப்பை அதன் லிங்கர் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி மாற்றியிருந்தார்கள். அந்த நேரம்வரை யாரும் கேட்காத லைப்ரரி பயன்படாததுதானே? பழைய மேக்ஃபைல்கள் வரிசையாக விழுந்தன. அதற்கு முந்தைய வருடம் ஃபெடோரா 13 இன்னொரு பக்கத்தை இறுக்கியிருந்தது. நீ கூப்பிடும் லைப்ரரியை நீயே பெயர் சொல்லிக் கேள், வேறொரு லைப்ரரி அதைக் கூட்டிக்கொண்டு வரும் என்று இருக்காதே என்றது. "நேத்து வரைக்கும் ஓடுச்சு சார்" என்று என்னிடம் வந்தவர்களுக்கு, இடப்பக்கம் வலப்பக்கம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கருவிகள் புத்திசாலியாகிக்கொண்டே வந்தன. எதை முதலில் போடுவது என்பதற்கு முன், எந்த வெர்ஷனைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். இது சாதாரணக் கணக்கு அல்ல. கணினி அறிவியலில் மிகக் கடினமானவை என்று ஒதுக்கிவைத்த வகையைச் சேர்ந்தது என்று ஐரோப்பாவின் எடோஸ் ஆய்வுத் திட்டத்தினர் நிரூபித்தார்கள். 2008-இல் ஓப்பன்சூசே 11.0 தர்க்கச் சூத்திரங்களைத் தீர்க்கும் சாட் சால்வரையே நிறுவலுக்குள் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த லைப்ரரியைத்தான் ஃபெடோராவின் டிஎன்எஃப்பும் பயன்படுத்துகிறது.

பைத்தான் உலகம் அந்த இடத்துக்கு வர வெகுநாளானது. எங்கள் டேட்டா பிரிவின் பேக்கேஜ் பட்டியலில் இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றினால் ஓடும், மாற்றாவிட்டால் ஓடாது. ஒரு பெண் அந்த இடத்தில், "இந்த வரிசையை மாற்றாதீர்கள்" என்று குறிப்பே எழுதிவைத்திருந்தாள். பைத்தானின் நிறுவல் கருவியான பழைய பிப், ஒரு லைப்ரரிக்கு யார் முதலில் வெர்ஷன் சொன்னாரோ அவர் பேச்சையே கேட்கும். பின்னால் வந்தவர் வேறு வெர்ஷன் கேட்டாலும் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். 2020 நவம்பர் கடைசியில் பிப் 20.3 புதிய முறையோடு வந்தது. ஒத்துவராத இரண்டைக் கண்டால் நிறுவ மறுத்தது. "அப்டேட் பண்ணதுல எல்லாம் போச்சு சார்" என்று அந்தப் பெண் கோபமாக வந்தாள். "போகலம்மா, முன்னாடியே ரெண்டும் ஒத்துப்போகல. இப்பதான் வாயைத் திறந்து சொல்லுது" என்றேன். இரண்டு லைப்ரரிகளில் ஒன்றைப் புதிய வெர்ஷனுக்கு ஏற்றினோம். குறிப்பை அவளே அழித்தாள்.

சொல்லாத தேவையைப் போலவே, சொல்லிவிட்டு மறந்த தேவையும் ஆளைக் கவிழ்க்கும். 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை, பெயர்த் தகராறு ஒன்றில், எழுதியவர் என்பிஎம் என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கத்தை இடைவெளியால் நிரப்பும் வேலைதான் அது. பேபல் உட்பட எத்தனையோ புராஜெக்டுகளின் பில்ட் நின்றது. அந்தப் பெயரைத் தங்கள் பட்டியலில் நேராக எழுதியிருந்தவர்கள் குறைவு. அடுக்கின் அடியில் எங்கோ இருந்தது.

2024 மார்ச் இறுதியில் வந்த எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் பயங்கரம். சுருக்கும் லைப்ரரி ஒன்றின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி போலத் தாமதமாவதைக் கவனித்து, அதைத் துருவிக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு அந்த லைப்ரரி தேவையே இல்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் அதை சிஸ்டம்டியோடு பேச வைக்க ஒரு லைப்ரரியைச் சேர்த்தன. அந்த லைப்ரரியின் கைப்பிடித்து எக்ஸ்இசட்டின் லைப்ரரி உள்ளே வந்தது. அந்த வாரம் எங்கள் பையன்களைக் கூட்டி, ஒரு சர்வரில், எந்தெந்த லைப்ரரி ஏறுகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை எஸ்எஸ்எச் சேவையின் மேல் ஓட்டிக் காட்டினேன். வரிசையாக வந்த பெயர்களைப் பார்த்து, "இது எதுக்கு சார் இங்க?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியை எங்கள் பொருள்கள் ஒவ்வொன்றின் மேலும் கேட்டுப் பதில் எழுதச் சொன்னேன். பதில் கிடைக்காத சிலவற்றை எடுத்துவிட்டோம்.

இப்போது எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். இரண்டு வரிகளை இடம் மாற்றிப் பிழையைத் தீர்த்தேன் என்று யாராவது மாற்றம் அனுப்பினால், அது திரும்பிப் போகும். யாருக்கு யார் தேவை, அதை எங்கே எழுதியிருக்கிறாய் என்ற கேள்வியோடு. இடம் மாற்றினால் பிழை போகிறது என்றாலே எழுதாத தேவை ஒன்று அங்கே இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை எழுதிவிட்டால் வரிசையைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

2022-இல் வந்த குனு மேக் 4.4-இல் ஷஃபில் என்று ஒரு வசதி சேர்த்தார்கள். தேவைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு ஓட்டும். உடைந்தால், எந்த எண்ணை வைத்துக் கலைத்தது என்று பிழைச் செய்தியிலேயே சொல்லும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே குழப்பத்தை மறுபடி வரவழைத்துப் பார்க்கலாம். ஹெடர் ஃபைலைத் தேடி அலைந்த அந்த நாட்களில் இது இருந்திருந்தால் இரண்டு மணி நேர வேலை. எங்கள் இரவு பில்ட் முழுவதையும் இப்போது கலைத்துத்தான் ஓட்டுகிறோம். ஆரம்பத்தில் தினமும் ஏதாவது உடையும்; "நல்லா இருந்ததை ஏன் சார் கெடுக்கறீங்க?" என்று முணுமுணுப்பு. உடைந்த ஒவ்வொன்றுக்கும் மேக்ஃபைலில் ஒரு வரி சேர்ந்தது. இப்போது உடைவது அபூர்வம். உடைந்தால், முந்தைய நாள் யார் புதிதாக எதைச் சேர்த்தார்கள் என்று பார்த்தாலே போதும், ஆள் அகப்பட்டுவிடுவார்.